கல் காயக் காத்திருந்த கோடை

பள்ளிக்கூட விழா மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தா என்று குரூப்பில் என்னை அரித்து எடுத்துவிட்டீர்கள். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்குக் கண்ணில் புரை, இன்னொருவருக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சும்மா கிடப்பவள் நான் ஒருத்திதான் போல. சரி, எழுதுகிறேன். ஆனால் கூட்டாளிகளே, நீங்கள் அனுப்பிய பழைய மலரில் இருக்கிற வரலாற்றையே திருப்பி எழுதித் தருவேன் என்று நினைத்திருந்தால் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். அதில் நம் பள்ளிக்கூடத்தின் கதை ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது. ஆட்டுக் கொட்டகையில் தொடங்கியது, கூரைக் கொட்டகைக்கு வந்தது, தீ விபத்தில் எரிந்தது, வள்ளல் ஒருவர் நிலம் கொடுக்கக் கல் கட்டடம் எழுந்தது. விபத்து என்ற சொல்லைப் படித்ததும் எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர்ப்பலகையில் ‘ஆதிதிராவிடர்’ என்ற சொல் இருக்கலாமா, எடுத்துவிடலாமா என்று நீங்கள் போடுகிற சண்டையையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பலகை வருவதற்கு முன்பே பள்ளிக்கூடம் இருந்தது. ஊர்ப் பள்ளியில் நம் தெருப் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே உட்காரவைத்தார்கள். மலேயாத் தோட்டத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டு திரும்பிய நம் தெருக்காரர் ஒருவர், அட போங்கடா என்று தன் ஆட்டுக் கொட்டகையிலேயே பாடம் தொடங்கினார். இரவில் ஆடுகள், பகலில் பிள்ளைகள். அங்கே படித்தவர்கள் சாகும்வரை புழுக்கை நாற்றம் அடித்தால் வாய்ப்பாடு ஞாபகம் வருகிறது என்பார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர்.

நான் சொல்ல வருவது அதற்குப் பிந்திய காலம். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அக்கா எட்டாவது. அப்போது பள்ளிக்கூடம் கீற்றுக் கொட்டகைக்கு வந்திருந்தது. படல் கதவு, மண் தரை, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. பொருள் என்று சொல்லிக்கொள்ள ஓர் உலக உருண்டை. எவரோ தானமாகக் கொடுத்தது, ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய நசுங்கல். அதைத் தொட அக்காவுக்கு மட்டும்தான் அனுமதி. அவள் சுற்றிவிட்டு விரலை வைத்து நிறுத்துவாள். எங்கே நிற்கிறதோ அங்கே வேலைக்குப் போவேன் என்பாள். பாதி நேரம் கடலில்தான் நிற்கும். நாங்கள் சிரிப்போம்.

எட்டோடு நம் பள்ளி முடிந்தது. ஒன்பதாவது படிக்க வேண்டுமானால் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். முந்தின வருடம் அப்படிப் போன ஒரு பெண்ணைக் கக்கூஸ் கழுவவைத்தார்கள்; அவள் திரும்பி வந்து நாற்று நடப் போய்விட்டாள். அக்கா அங்கே போக மாட்டேன் என்றாள். படிப்பையும் விட மாட்டேன் என்றாள். ஆகவே நம் பள்ளிக்கே ஒன்பதாவது வர வேண்டும். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை சொல்லிப் போனார். பள்ளி திறக்கும்போது கல் கட்டடம் எழும்பியிருக்க வேண்டும். அதுவரை இந்தக் கொட்டகை ஒழுங்காக நிற்க வேண்டும். கூரைகூட இல்லாத இடத்துக்கு அனுமதி கிடையாது.

கல்லுக்கு நம்மிடம் என்ன பஞ்சம்? நம் தெரு ஆட்கள் அத்தனை பேரும் செம்புறாங்கல் வெட்டுகிறவர்கள். பொங்கல் கழிந்ததும் கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லுக்குழியில் இறங்கினார்கள். கூலி வேலை முடித்து வந்து, பொழுது சாயும் நேரத்தில், பள்ளிக்கூடத்துக்கென்று வீட்டுக்கு வீடு வெட்டினார்கள். அப்பா வீட்டுக்கு வந்தால் இமை மயிர்கூடச் சிவப்பாக இருக்கும். அம்மா வெட்டிய கல்லைத் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி மேலே அடுக்குவாள். செம்புறாங்கல்லை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டின புதிதில் நகம் வைத்தால் உள்ளே இறங்கும். வெயிலும் காற்றும் பட்டு ஒரு கோடை கிடந்தால்தான் இறுகும். அவசரப்பட்டுப் பச்சையாகக் கட்டினால் சுவர் உதிர்ந்துவிடும். ஆகவே வெட்டி அடுக்கிவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் கோடை முழுக்க எங்கள் தெருவில் ஒரே பேச்சு, கல் காய்ந்துவிட்டதா.

இதைக் கேட்டவர்களில் தோட்டத்து ஐயாவும் ஒருவர். அவர் பெயரை எழுத மாட்டேன். உங்களுக்கு யாரென்று தெரியும். கொட்டகை நின்றது அவர் வாய்வார்த்தையாகக் கொடுத்திருந்த இடத்தில். கல் கட்டடமும் அங்கேதான் வர வேண்டும். அவரைப் போல நயமான மனிதரை நான் பார்த்ததில்லை. ஊரில் மற்றவர்கள் எங்கள் அப்பாவை ‘டேய்’ என்று கூப்பிட்ட காலத்தில் அவர் ‘ஏம்ப்பா’ என்பார். இல்லை என்று வாயால் சொல்லத் தெரியாதவர் என்று ஊரே பேசும். சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வருவார். கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமலேயே, நிழலுக்காகக் கூரையை ஒட்டி நிற்பார்.

“ஏம்ப்பா, கல்லு காஞ்சிருச்சா?”

“இன்னும் கொஞ்சம் காயணுங்கய்யா” என்பார் அப்பா.

அவர் தலையை ஆட்டுவார். பேசிக்கொண்டே கூரை விளிம்பு இறங்குகிற எரவாணத்திலிருந்து ஒரு கீற்று நுனியை இழுத்து, விரலில் சுற்றி, முறித்துப் போடுவார். சும்மா நிற்கிற மனிதரின் கை அப்படித்தான் எதையாவது நோண்டும் என்று நினைத்தோம். மாசியில் அது முறியாமல் வளைந்தது. பங்குனியில் நார் நாராகப் பிரிந்தது. கத்திரி வெயில் தொடங்கியபோது சட்டென்று ஒடிந்து பொடிந்தது. அவர் பொடியைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். நான் கொட்டகை வாசலில் சொட்டாங்கல் ஆடிக்கொண்டு இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டும்தான், புரிந்தது இந்தக் கிழட்டு வயதில். வாய் கல்லைக் கேட்டது, கை கூரையைக் கேட்டது. கல்லு வெட்டுகிற ஜனத்திடம் கல்லைப் பற்றிக் கேட்டால் வேறு எதையாவது யோசிப்பார்களா?

ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே, எட்டு வரைக்கும் படித்தால் போதாதா, பொம்பளைப் பிள்ளைகள் எல்லாம் பத்து படித்துவிட்டால் என் வயலில் நாற்று நட யார் வருவார் என்று கேட்டார். எல்லோரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கெட்டிக்காரப் பிள்ளை என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஆட்கள் பயந்தது டீக்கடைக்காரருக்கு. அவருக்கு வாயைத் திறந்தால் வசவு. நமக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தவர். கல்லு அடுக்கியாச்சா, கலெக்டராகப் போறீகளா, ஒருநாள் அத்தனையையும் கடப்பாரையை வைத்து நொறுக்கிப் போட்டுவிடுவேன் என்று ரோட்டில் நின்று கத்தினார். அவ்வளவுதான், தெருக்கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டார்கள். கல்லுக்குக் காவல் போட வேண்டும். ராத்திரி பகல் எந்நேரமும் ஆள் இருக்க வேண்டும். எது நடந்தாலும் கல்லை விட்டு நகரக் கூடாது. என்னவாவது போக்குக் காட்டி உங்களை இழுப்பான்கள், ஏமாந்துவிடாதீர்கள் என்று அப்பாதான் அழுத்திச் சொன்னார். குரைக்கிற நாய் கடிக்காது என்று ஆயிரம் தடவை சொல்கிற ஜனம், குரைத்தவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வைகாசியில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு வந்தது. மண் வேலை செய்கிற வேளார் வீட்டிலிருந்து மண் குதிரைகளைத் தோளில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். நம் ஆட்கள் எப்போதும் மேளம் அடித்துக்கொண்டு முன்னால் ஓரமாகப் போவார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் தோட்டத்து ஐயா தானே வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் யூனிபார்ம் போட்டு வரிசையாகக் குதிரைக்குப் பின்னால் ஊர்த் தெரு வழியே வரலாம், வாத்தியாருக்கு மாலை மரியாதை உண்டு, தெருவே வர வேண்டும் என்றார். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அன்னவாசல் பக்கத்துக்காரர், நம் ஜனம்தான். இளம் வயது, மானஸ்தன், ஒரு மாலைக்கு ஏங்கியவர். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த தெருவில் மாலையோடு நடக்கச் சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அன்றைக்குப் பார்த்து அக்கா வீட்டுக்கு விலக்காக இருந்தாள். அந்த நாட்களில் சாமி போகிற பாதையில் நிழல்கூடப் படக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பில் தனியாக இருக்க வேண்டும். அம்மா அவளுக்குச் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். தெரு காலியானதும் அக்கா சாய்ப்பின் புழுக்கம் தாங்காமல் எழுந்து பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் போய்ப் படலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். லீவு நாள், யார் வரப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். அப்பாவும் மாமாவும் கல்லுக்குக் காவலாகக் கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

வேளார் வீட்டு வாசலில் தோட்டத்து ஐயாவே எங்கள் வரிசையைச் சரி செய்தார். என் சட்டைக் காலரை இழுத்துவிட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கையில் சந்தன வாசனை. பிறகு வாத்தியாரிடம் கேட்டார்.

“எல்லாரும் வந்தாச்சா? யாரும் பின்னால தங்கிறலயில்ல?”

“ஒருத்தரும் பாக்கி இல்லைங்கய்யா” என்றார் வாத்தியார், மாலையோடு.

அவர் விசாரித்துவிட்டுத்தான் போனார். உயிர்ச் சேதம் வேண்டாம் என்று நினைக்கிற அளவுக்கு நல்லவர்தான். அந்த நல்ல குணத்தைத்தான் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

குதிரைகள் புறப்பட்டன. மேளமும் குலவையும் காதை அடைத்தன. தார் உருகி என் காலில் ஒட்டியது. பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் போன பெரிய மனிதர்களில் தோட்டத்து ஐயா இல்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் நம் தெரு இருக்கிற திசையில் புகை ஏறியது. முதலில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றார்கள். பிறகு புகை கறுத்துத் தடித்தது. அம்மா ஒரு சத்தமும் போடாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் தெருவே ஓடியது. நானும் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரை உள்ளே விழுந்துவிட்டிருந்தது. யார் நின்றார் தெரியுமா? டீக்கடைக்காரர். அரிவாளை வைத்து எரிகிற கீற்றை அறுத்துத் தள்ளிக்கொண்டு, எங்களையெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு நின்றார். கை வெந்திருந்தது. அதற்குப் பிறகும் பல வருடம், உள்விவரம் தெரியாத எங்கள் ஆட்கள் அவர்தான் வைத்துவிட்டு நடிக்கிறார் என்று பேசினார்கள். அவரும் டம்ளரை மாற்றவில்லை. மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள், என்ன செய்வது.

அக்கா கண்மாய்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். முன்னந்தலை மயிர் கருகிச் சுருண்டிருந்தது. இடது முழங்கையில் தோல் வழன்றிருந்தது. மடியில் உலக உருண்டை. அதை இறக்கி வைக்கச் சொன்னால் வைக்கவில்லை. அம்மா தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்பா அப்போதும் வரவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் ஒருவர் போய்க் கூட்டிவந்தார். அவரும் மாமாவும் புகையைப் பார்த்திருக்கிறார்கள். மாமா எழுந்தாராம். அப்பா கையைப் பிடித்து உட்காரவைத்தாராம், இது போக்குக் காட்டுகிற வேலை, நாம் அங்கிட்டுப் போனதும் இங்கிட்டு வந்து கல்லை நொறுக்குவான்கள் என்று. அடுக்கின கல்லின் மேல் உட்கார்ந்து புகையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏமாறாத பெருமையோடு வந்தார். வந்ததும், “ஒரு கல்லு அசையலப்பா” என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் இருந்த வருடங்களில் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அக்கா அம்மாவிடம் மட்டும் சொன்னாள். நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது. புகையில் விழித்தாளாம். படல் பக்கம் தீ. உருண்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் கீற்றைப் பிய்த்து வெளியே வந்தாளாம். எதிரில், கருவ மரத்து நிழலில், மோட்டார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தீ நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் தோட்டத்து ஐயா. அவளைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்றாம்.

“ஆத்தா, நீ உள்ளயா இருந்த?”

அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மா அதை அப்பாவிடமும் தெருப் பெரியவர்களிடமும் மட்டும் சொன்னாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவரே வந்தார். பின்னால் ஒரு மாட்டு வண்டி நிறையப் புதுக் கீற்று, அரிசி மூட்டை. எங்கள் வீட்டு வாசலில் போட்ட கட்டிலில் முதல் தடவையாக உட்கார்ந்தார். அப்பா, மாமா, வாத்தியார், தெருப் பெரியவர்கள் நின்றார்கள். அவர் அழுதார். நிஜமாகவே அழுதார். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அது எங்களுக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. கேஸ், ஸ்டேஷன் என்று போனால் பள்ளிக்கூடம் எழும்பாது, இடமும் சிக்கலாகிவிடும் என்றார். தானே இன்ஸ்பெக்டரிடம் பேசி ஒன்பதாவதுக்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். கடைசியில் சொன்னதுதான் விஷயம்.

“இந்த எடத்தப் பள்ளிக்கூடத்துக்கே எழுதிக் குடுத்துர்றேன். புள்ளைய மட்டும் தூரமா எங்கிட்டாச்சும் கட்டிக் குடுத்துருங்க. அது மனசு பயந்து கெடக்கு பாருங்க.”

மனசு பயந்து கிடந்தது யாருக்கு? பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எழுதிக் கொடுத்த நிலம் நம் ஜனத்துக்கு அதுவரை எங்கே இருந்தது? ஒரு பக்கம் தெருப் பிள்ளைகள் எல்லோரும், அவர்களுக்குப் பிறக்கப் போகிறவர்களும். இன்னொரு பக்கம் ஒரு பொம்பளைப் பிள்ளை. அந்தக் கணக்கு அவர்களுக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் முடியவில்லை. அவர்கள் செய்தது தப்பு என்று சொல்ல வாய் வருகிறது. அந்தக் கட்டடத்தில் படித்து நர்ஸாகிப் பென்ஷன் வாங்குகிற வாய் இது என்பதும் ஞாபகம் வருகிறது.

அக்காவிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சாய்ப்பிலிருந்து எழுந்து வந்தாள். விலக்கு நாளில் ஆண்கள் முன்னால் வரக் கூடாது, வந்தாள். தோட்டத்து ஐயாவைப் பார்க்கவே இல்லை. வாத்தியாரைப் பார்த்துக் கேட்டாள்.

“சார், ஒன்பதாவது வருமில்ல?”

வாத்தியார் மாலையைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார். வாடிய பூ சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. வரும் என்றார். சரி என்று அவள் திரும்பிப் போய்விட்டாள்.

ஒன்பதாவது வந்தது. ஆனி பிறந்ததும் சுவர் எழும்பியது. கல் நன்றாகக் காய்ந்திருந்தது, ஒரு மூலைகூட உதிரவில்லை. அதே ஆனியில் அக்காவை ஜெகதாப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறவர். அவளுக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை. உலக உருண்டையை எடுத்துப் போகிறேன் என்று கேட்டாள். அது பள்ளிக்கூடச் சொத்து என்று அம்மா பிடுங்கி வைத்தாள். நான் ஆறாவது படிக்கும்போது அந்த உருண்டை எங்கே போனது என்று தெரியவில்லை. உங்களில் யார் வீட்டிலாவது கிடந்தால் சொல்லுங்கள்.

நாம் எல்லோரும் அந்த ஒன்பதாவது அறையில் உட்கார்ந்து படித்தவர்கள்தான். வாசலுக்கு மேலே கல்வெட்டில் தோட்டத்து ஐயா பெயர். தினமும் அதற்குக் கீழேதான் நுழைந்தோம். அக்கா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் வரவில்லை. அப்பா சாவுக்கு வந்தபோதும் கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு வந்து, சுற்றிக்கொண்டு போனாள். அவள் பேத்தி இப்போது காலேஜ் போகிறாள்.

இப்போது நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? விழாவில் அவருடைய படத்தைத் திறக்கப் போகிறீர்கள். அவர் பேரனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்தத் தம்பி நல்ல பையன்தான், குரூப்பில்கூட எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுகிறார். அவர் தாத்தாவும் அப்படித்தான் பேசினார்.

நேற்று மத்தியானம் அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் யாரோ ஐஸ் கட்டியைப் போட்டு உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கேட்கிறதா என்று அலோ அலோ என்றேன்.

“ஒன்பதாவது எந்த ரூமுடி?” என்று கேட்டாள்.

கிழக்குப் பக்கம், முதல் ரூம், கீழேதான், படி ஏற வேண்டாம் என்றேன். எதற்கு என்று கேட்டேன்.

“விழாவுக்கு வாரேன். அவுக படத்த அவுக தொறக்கட்டும். நான் அந்த ரூமுல போயி உக்காருவேன். யாராச்சும் வந்து கேட்டா, உள்ள ஆளு இருக்குன்னு சொல்லு.”

அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.